மழலை எதுவரை? பேச்சுத் தெளிவில்லாத குழந்தையை எப்போது மருத்துவரிடம் காட்டுவது

மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயார் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அவன் பேசியதில் பத்துச் சொற்களுக்கு மூன்றுதான் எனக்குப் புரிந்தன. தாயாருக்கோ அனைத்தும் புரிந்தன. அவன் சொல்லச் சொல்ல எனக்கு விளக்கினார். "இவன் அப்பாவும் நாலு வயது வரை இப்படித்தான் பேசினார் என்று என் மாமியார் சொல்கிறார். பள்ளியில் ஆசிரியை சொன்னதால்தான் வந்தேன், டாக்டர்" என்றார்.

பரிசோதித்தபோது அவனுடைய இரு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பவனைப் போலத்தான் அவன் பிறர் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறான். கேட்டவாறே பேசினான்.

அந்தத் தாயார் கவனக்குறைவானவர் அல்லர். மகனோடு நாள் முழுதும் பழகியதால் அரைகுறைச் சொல்லையும் அவரால் புரிந்துகொள்ள முடிந்தது. குறை வெளியே தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம். ஆகவே குழந்தையின் பேச்சை மதிப்பிடும்போது "எனக்குப் புரிகிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. "பழக்கமில்லாத ஒருவருக்குப் புரிகிறதா?" என்றே கேட்க வேண்டும்.

வயதுக்கேற்ற அளவு

குழந்தையோடு பழகாத ஒருவருக்கு, 2 வயதில் பேச்சில் ஏறத்தாழப் பாதியும், 3 வயதில் முக்கால் பங்கும், 4 வயதில் பெரும்பாலும் முழுமையும் புரிய வேண்டும். இது தோராயமான அளவுகோல். ஓரிரு மாத வேறுபாட்டுக்காகக் கலங்க வேண்டியதில்லை.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, குழந்தை ஒரு படத்தைப் பார்த்துப் பேசுவதை ஒரு நிமிடம் கைபேசியில் பதிவு செய்யுங்கள். வெளியூரில் இருக்கும் உறவினருக்கு, எந்தப் படம் என்று சொல்லாமல் அனுப்புங்கள். எத்தனை சொற்கள் புரிந்தன என்று அவர் எண்ணிச் சொல்லட்டும்.

எவை இயல்பு, எவை இயல்பல்ல?

"காக்கா" என்பதைத் "தாத்தா" என்றும், "சாமி" என்பதைத் "தாமி" என்றும், "மரம்" என்பதை "மயம்" என்றும் சிறு குழந்தைகள் சொல்வது இயல்பு. ப, ம, த, ந போன்ற ஒலிகள் முதலில் வரும். நாவை நுட்பமாக அசைக்க வேண்டிய ர, ற போன்றவை பிந்தி வரும். ழகரத்தைப் பெரியவர்கள் பலரே "வாளப்பளம்" என்று சொல்லும்போது, நான்கு வயதுக் குழந்தையை அதற்காக அழைத்து வரத் தேவையில்லை.

மூன்று வயதுக்குப் பின்னும் பின்வருவன நீடித்தால் மதிப்பீடு தேவை:

- சொல்லின் முதல் மெய்யொலியை விட்டுவிடுதல்: "பால்" என்பதை "ஆல்", "பூனை" என்பதை "ஊனை" என்பது.
- ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சொல்லுதல்.
- பேச்சு மூக்கால் வருதல், குறிப்பாகக் குடித்த பாலும் மூக்கின் வழியே வருதல். அண்ணத்தில் உள்ள பிளவு வெளிப்பார்வைக்குத் தெரியாமலும் இருக்கலாம்.
- பிறருக்குப் புரியாததால் குழந்தை அழுதல், அடித்தல், பேசுவதையே நிறுத்தி ஒதுங்குதல்.

"கைதட்டினால் திரும்புகிறானே!"

பெற்றோர் அடிக்கடி சொல்லும் மறுமொழி இது. கைதட்டலும், பாத்திரம் விழும் ஓசையும் வலுவானவை. செவித்திறன் ஓரளவு குறைந்த குழந்தைக்கும் அவை கேட்கும். மெல்லிய மெய்யொலிகள்தாம் தவறிப்போகும். ஆகவே பேச்சுத் தெளிவின்மைக்கு முதற்பரிசோதனை செவித்திறன் பரிசோதனையே.

இதில் வலி இல்லை. மூன்று வயதுக் குழந்தையிடம், ஓசை கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைப் பெட்டியில் போடச் சொல்லி விளையாட்டாகவே சோதிக்கலாம். நடுச்செவியில் நீர் இருக்கிறதா என்பதைச் சிறு கருவியால் சில நிமிடங்களில் அறியலாம். ஒத்துழைக்காத குழந்தைக்கு, உறங்கும்போது செய்யும் பெரா பரிசோதனை உண்டு.

அடிக்கடி சளி, வாயைத் திறந்தபடி உறக்கம், குறட்டை ஆகியவை இருந்தால் நடுச்செவி நீரை ஐயுற வேண்டும். பெரும்பாலானோருக்கு அது மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். அதற்கு மேலும் நீடித்துச் செவித்திறனைக் குறைத்தால், செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவது பற்றி ஆலோசிப்போம். உறவுக்குள் திருமணம் செய்தோரின் குழந்தைகள், பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், கடும் மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்டவர்கள் ஆகியோருக்குப் பேச்சு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் செவித்திறன் பரிசோதனை அவசியம்.

நாக்கு வெட்டுவதும் வசம்பும்

"நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடுங்கள்" என்று கேட்டு வருவோர் பலர். நாவின் அடித்தசை குட்டையாக இருப்பது தெளிவற்ற பேச்சுக்கு அரிதாகவே காரணமாகிறது. பேச்சுப் பயிற்சியாளர் மதிப்பிட்ட பிறகே அதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். நாவில் வசம்பு தேய்த்தால் பேச்சு தெளியும் என்பதற்குச் சான்று இல்லை. இரு மொழிகள் பேசும் வீட்டில் வளர்வதும் பேச்சைக் குழப்பாது. அதற்காகத் தாய்மொழியை நிறுத்தவே கூடாது.

எப்போது வருவது?

உடனே: பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை எந்த வயதிலாயினும் இழந்தால், காது கேட்கவில்லையோ என்று உங்களுக்கே ஐயம் எழுந்தால், ஒன்றரை வயதாகியும் பொருளுள்ள ஒரு சொல்கூட இல்லையென்றால், இரண்டு வயதில் "அம்மா வா" போன்ற இருசொல் தொடர் இல்லையென்றால், பெயர் சொல்லி அழைத்தால் பார்க்காமலும், வேண்டியதைச் சுட்டிக்காட்டாமலும் இருந்தால்.

ஒரு மாதத்துக்குள்: 3 வயதில் பிறருக்குப் பாதிப் பேச்சும் புரியவில்லையென்றால், 4 வயதில் அந்நியர்கள் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தால், மேற்சொன்ன இயல்பல்லாத அடையாளங்களில் ஏதேனும் இருந்தால்.

காத்திருக்கலாம்: ஓரிரு ஒலிகள் மட்டுமே பிறழ்ந்து, மற்றவை பிறருக்குப் புரிந்தால். மூன்று மாதம் கழித்து மீண்டும் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். முன்னேற்றம் இல்லையெனில் வாருங்கள்.

எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று ஐயமிருந்தால், முடிவெடுப்பது எளிது. பரிசோதனையில் குறை இல்லையென்று தெரிந்தால் நீங்கள் இழப்பது அரை நாள். இருந்த குறையைக் காணாமல் விட்டால், மொழி விரைந்து வளரும் ஆண்டுகள் வீணாகும். பின்னர் எழுத்தறிவதிலும் அக்குழந்தை இடர்ப்படலாம். மத்திய அரசு 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிக் குழந்தைகளை நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறது. அக்குழு வரும் நாளிலும் உங்கள் ஐயத்தைச் சொல்லலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

"சரியாகச் சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். பிறர் முன் சொல்லிக் காட்டிச் சிரிக்காதீர்கள். குழந்தை "தாத்தா பறக்குது" என்றால், "ஆமாம், காக்கா பறக்குது. கருப்புக் காக்கா!" என்று சரியான ஒலியை அதன் காதில் விழச் செய்யுங்கள். முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு மூன்று மாதம் கழித்தும் நீர் வற்றாததால் குழாய் பொருத்தினோம். கேட்கத் தொடங்கியதாலேயே பேச்சு சீராகிவிடவில்லை. எட்டு மாதம் பேச்சுப் பயிற்சியும் தேவைப்பட்டது. அண்மையில் பரிசோதனைக்கு வந்தபோது, பள்ளியில் நடந்த சண்டை ஒன்றை அவனே என்னிடம் முழுதும் சொன்னான். தாயார் விளக்கவில்லை.

வரும்போது கைபேசிப் பதிவையும், பிறப்புக் காலச் சிகிச்சைக் குறிப்புகளையும், ஆசிரியரின் கருத்தையும் எடுத்து வாருங்கள். சளி பிடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.