தார் ரோடா, மணலா?

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

போலீஸ் தேர்வுக்கு ஓடத் தொடங்கிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். தார் ரோட்டில் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று கூட்டாளிகள் சொன்னதைக் கேட்டு, மறுநாளே கடற்கரை மணலுக்கு மாறிவிட்டாயாமே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவனுக்கு 120 முதல் 180 கிலோ வரை. தரை கெட்டியாக இருந்தால் அவ்வளவும் முட்டியில் போய் இடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கால் ஒன்றும் உலக்கை இல்லை. 1998-இல் டேனியல் ஃபெரிஸ், கிளேர் ஃபார்லி முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், கெட்டியும் மெத்துமான தரைகளில் ஆட்களை ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். தரை மெத்தென்று இருந்தால் கால் விறைத்துக்கொள்கிறது. கெட்டியாக இருந்தால் தளர்ந்து அமுங்கிக் கொடுக்கிறது. தரை மாறப்போவது தெரிந்தால் முதல் அடியிலேயே இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. நாம் யோசித்துச் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே தார் ரோடு முட்டியைத் தின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. அமுங்கி விரியும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் முட்டியிலோ இடுப்பிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் 13.3 சதவீதம். அளவு மீறினால்தான் ஆபத்து.

மணலுக்கு வருவோம். உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும். குதிகால் புதையப் புதைய ஆடுசதையும் குதிகால் தசைநாணும் இழுபடும். பழகாத காலோடு தினம் ஓடினால் முட்டி தப்பித்து, குதிகால் மாட்டிக்கொள்ளும். ஈரமணல் கெட்டிதான், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சரிவு சமமாகிவிடும்.

ரோட்டில் அப்படி ஆகாது. மழைத்தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்திப் போடுகிறார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுவதே பாதுகாப்பு. ஆனால் போகும்போதும் வரும்போதும் உன் வலது பாதம் பள்ளத்திலேயே விழும். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் ஒரு பக்கத்து முட்டியும் இடுப்பும் வலிக்கத் தொடங்கலாம். தாரைக் குறை சொல்கிறவர்கள் இந்தச் சரிவை யோசிப்பதே இல்லை.

என்னைக் கேட்டால் பள்ளிக்கூடத்துச் செம்மண் கிரவுண்டுதான் உனக்குச் சரி. தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதையும் மைதானத்தில்தான் ஓடப்போகிறாய். முதலில் ஒரு சுற்று நடந்து பார். மழைக்குப் பிறகு மாட்டுக் குளம்படி காய்ந்து குழியாகக் கிடக்கும். கணுக்கால் பிசகுவது அதில்தான். வட்டமாக ஓடும்போது பாதி நாள் திசையை மாற்றிக்கொள்.

மணலை விட மனமில்லையென்றால் வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம் போதும். தரையை மாற்றும் வாரத்தில் தூரத்தைக் கூட்டாதே. தசை சீக்கிரம் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதே. அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார்.

அன்புடன்,
மாமா