கழிவு நீரோடு ஓடும் காசு

வியாபாரத்தில் இலாபம் விற்பனையால் மட்டும் வருவதில்லை. வீண்விரயத்தைத் தடுப்பதாலும் வரும். இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருப்பது, தொழிற்சாலைக் கழிவு நீரோடு வெளியேறும் சூடு.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இறப்பர் பிரதான தொழில். கையுறை போன்ற இறப்பர் பொருட்களைச் சூடான நீரில் கழுவுவார்கள். அந்த நீரைச் சூடாக்க விறகோ எண்ணெயோ எரிக்க வேண்டும். கழுவி முடிந்ததும் நீரோடு சூடும் வெளியே போகிறது. காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு கானில் ஓடுகிறது என்றே அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். 1,000 லீற்றர் நீர் 10 பாகை ஆறும்போது சுமார் 11.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். கொதிகலனில் அதைப் பெற ஏறத்தாழ 4 கிலோ காய்ந்த விறகு தேவை. நாளொன்றுக்கு 20,000 லீற்றர் வெளியேற்றும் இடத்தில் இது 80 கிலோ. 25 வேலை நாட்களில் 2 தொன்!

இதை மீட்கும் கருவி வெப்பப் பரிமாற்றி. உலோகக் குழாயின் உள்ளே சூடான கழிவு நீரும் வெளியே குளிர்ந்த நல்ல நீரும் ஓடும். இரண்டும் கலப்பதில்லை, சூடு மட்டும் மாறும். அவ்வாறு சூடேறிய நீரைக் கொதிகலனுக்கு விட்டால் விறகு குறையும்.

ஒஸ்திரியாவின் வியன்னா நகரில், சுத்திகரித்த கழிவு நீரின் சூட்டை வெப்பப் பம்பிகளால் எடுத்து வீடுகளுக்கு வழங்கும் நிலையம் 2023 இல் திறக்கப்பட்டது. ஆற்றைச் சேரும் நீரும் குளிர்ந்தே போகிறது.

ஆற்றுக்கு இதனால் என்ன நன்மை? 20 பாகை நீர் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறையும். மீன்கள் வாழ்வது அந்த ஒட்சிசனில்தான். யட்டியாந்தோட்டையைக் கடந்து வரும் களனி கங்கை, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீராகிறது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டு எச்சரிக்கைகள். கழிவு நீரிலுள்ள இறப்பர் துகள்களை முதலில் வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அடைத்துவிடும். சூட்டை எடுப்பதால் நீர் சுத்தமாகிவிடாது; சுத்திகரிப்பு கட்டாயம்.

கருவி வாங்குமுன் ஒரு வாரம் கழிவு நீரின் அளவையும் வெப்பத்தையும் குறித்து வையுங்கள். விறகுச் செலவில் மிச்சமாகும் பணத்தோடு கருவியின் விலையை ஒப்பிட்டு, எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று பாருங்கள்.

ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று கற்றவர்கள் நாம். சூட்டுக்கும் அதே கணக்குத்தான்.