நெடுவாழ்வின் வேர்

உறையூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் மக்களோடு நேர்ந்த பகை காரணமாக உலகப் பற்றைத் துறந்து, ஆற்றிடைக் குறையொன்றில் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். அவன்பொருட்டுப் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து ஆந்தையார் என்னும் புலவர் நெடுவழி நடந்து வந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டு பழகியவர் அல்லர்; கேள்வியால் வளர்ந்த நட்பு அஃது. அங்கிருந்த சான்றோர் அந்நட்பைக் கண்டு வியந்தனர். அவர்கள் வியப்பதற்கு வேறொன்றும் இருந்தது. ஆண்டு பல கடந்தவர் என்று தாம் கேள்வியுற்றிருந்த புலவரின் தலையில் நரை இல்லை. அதற்குக் காரணம் யாது என அவரையே வினவினர்.

ஆந்தையார் மருந்து ஒன்றையும் கூறினாரல்லர், உணவையும் கூறினாரல்லர். தம் மனைவியும் மக்களும் ஏவலரும் அரசனும் தமக்குக் கவலை வைக்கவில்லை என்றார். அவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்வதனைக் காரணமாகக் காட்டினார். புறநானூற்றில் 191ஆம் பாட்டாக அவ்விடை இன்றும் உள்ளது. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் அப்பாட்டை வகுப்பறையில் பயிற்றியவன் யான். அந்நாளில் அதனை ஒரு புலவரின் நயமான மறுமொழி என்றே விளக்கி வந்தேன். அறுபதைக் கடந்து, என் குடும்பத்தின் கதையைத் திரும்பிப் பார்க்கும் இந்நாளில்தான் அவ்விடையின் ஆழம் எனக்குப் புலப்படுகிறது.

ஒருவர் நெடுநாள் நோயின்றி வாழ்ந்தால், "அவர்கள் குடிவாகு அது, கட்டை உரம்" என்று ஊரார் கூறுவர். தந்தையின் உயரமும் தாயின் முகச்சாயலும் பிள்ளைக்கு வருதல் போல, வாழ்நாளும் குருதி வழியே வருவது என்பது அவர்தம் துணிபு. இஃது எத்துணை உண்மை? டென்மார்க்கு நாட்டில், 1870 முதல் 1900 வரையிலான காலத்தில் பிறந்த இரட்டையர் 2,872 இணையரின் வாழ்நாளை அறிஞர் ஒப்பிட்டு ஆராய்ந்து 1996இல் முடிபு வெளியிட்டனர். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் பிறப்புவழிக் கூறுகளில் முற்றும் ஒத்தவர் அல்லரோ? வாழ்நாள் பிறப்பிலேயே அமைவதாயின் அவ்விருவர் வாழ்நாளும் பெரிதும் ஒத்திருத்தல் வேண்டும். ஆனால் மாந்தர் வாழ்நாளில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழக் காற்பங்கையே பிறப்புவழிக்கு உரித்தாக்க முடிந்தது. பிற ஆய்வுகள் அப்பங்கைக் கூட்டியும் குறைத்தும் கூறும். எவ்வாறாயினும் எஞ்சிய பெரும்பங்கு பிறப்புக்குப் புறத்தே உளது என்பது தெளிவு.

என் தந்தையாரைப் பெற்ற பாட்டியார் கொள்ளிடக் கரையில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். அவர் பிறந்த ஆண்டினை எழுதி வைத்தார் எவருமிலர். 1924ஆம் ஆண்டின் காவிரிப் பெருவெள்ளத்தில் ஊர் மிதந்தபோது தமக்குப் பதினெட்டு வயது என்று கூறுவார். அக்கணக்கின்படி அவர் 1997இல் இயற்கை எய்தியபோது தொண்ணூற்றொன்று. இறுதி ஆண்டிலும் ஊசியில் நூல் கோத்தவர். அவரைக் கண்டோர், "அந்தக் காலத்து உடம்பு! அந்தக் காலத்துச் சாப்பாடு! இனி யாருக்கு வாய்க்கும்?" என்பர். யானும் இளமையில் அவ்வாறே நம்பினேன், மாணவர்க்கும் கூறியுள்ளேன். அது பிழை என்பதனை இப்போது ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பாட்டியார் ஈன்ற மக்கள் ஒன்பதின்மர். இருவர் பால்மணம் மாறுமுன் காய்ச்சலில் மறைந்தனர். ஒரு பெண் நான்காம் வயதில் பெரியம்மையில் இறந்தாள். ஆண்மக்கள் இருவர் வாந்திபேதி கண்டு, மூன்று நாளில் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். எஞ்சியவர் நால்வர், என் தந்தையார் அவருள் ஒருவர். திண்ணையில் இருந்த தொண்ணூறு வயது மூதாட்டியை நாம் கண்டோம். அந்த ஐவரை நாம் கண்டோமில்லை. கண்ணுக்குத் தெரிபவரை மட்டும் எண்ணி, முன்னோர் எல்லாரும் நெடுநாள் வாழ்ந்தனர் என்று நாம் முடிவு கட்டிக்கொண்டோம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டு. இதனைக் கேட்டு, அக்காலத்தில் எல்லாரும் முப்பத்திரண்டில் இறந்தனர் என எண்ணற்க. மாணவர்களே, ஒரு சிறு கணக்கிட்டுப் பாருங்கள். பதின்மர் பிறக்கின்றனர். நால்வர் சராசரியாக இரண்டு வயதில் இறக்கின்றனர். மற்றை அறுவர் சராசரியாக ஐம்பத்திரண்டு வரை வாழ்கின்றனர். பதின்மர் வாழ்நாளையும் கூட்டினால் 320. பத்தால் வகுத்தால் 32. இன்று அச்சராசரி ஏறத்தாழ 70ஆக உயர்ந்தமைக்குக் கிழவர் இன்னும் கிழவராயினமை மட்டும் காரணமன்று. குழந்தைகள் சாகாமை பெருங்காரணம். அம்மை குத்தும் தொழிலாளர் ஊர் ஊராகச் சென்றனர். 1975இல் இந்நாட்டின் இறுதிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தூய குடிநீரும், மகப்பேற்று மனையும், பள்ளியில் இடும் நண்பகல் உணவும் தத்தம் பங்கினைச் செய்தன. இவற்றுள் எதுவும் குருதி வழி வந்ததன்று.

ஒரு தலைமுறையின் உடல்நலம் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி வேறொன்றும் உண்டு. 1944ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், போரின் காரணமாக நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அப்பஞ்சத்தின்போது தாய்வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பல்லாண்டுகளுக்குப் பின் மருத்துவர் ஆராய்ந்தனர். ஐம்பது வயதளவில், குருதியில் சேரும் சர்க்கரையைச் சீராகச் செலவிடும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது. தாய் பட்டினி கிடந்தது சில திங்கள். அதன் சுவடு மகனுடைய ஐம்பதாம் ஆண்டில் தெரிந்தது. நம் இல்லங்களில் எல்லாரும் உண்டபின், கருவுற்ற பெண் எஞ்சியதை உண்ணும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவ்வழக்கத்தைப் பண்பு என்று போற்றி எழுதியோரும் உளர். என் பாட்டியார் ஒன்பது முறையும் அவ்வாறே உண்டவர்.

இனி, பெற்ற நெடுவாழ்வை இழந்த கதை ஒன்றைக் கேண்மின். சப்பான் நாட்டின் தென்கோடியில் ஒகினாவா என்னும் தீவுக்கூட்டம் உளது. அத்தீவினர் நெடுவாழ்வுக்குப் பெயர் பெற்றவர். அங்குச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மக்களின் முதன்மை உணவு அரிசியன்று; சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதனோடு சோயாக் கட்டியும், கடற்பாசியும், கீரையும், நம்மைப் போலவே பாகற்காயும் உண்டனர். வயிற்றில் எண்பது பங்கு நிறைந்தவுடன் உண்பதை நிறுத்துக என்பது அவர்கள் உணவு வேளையில் கூறிக்கொள்ளும் முதுமொழி. திருவள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்துச் சரக்கு ஒன்றினையும் கூறாது, செரித்தது அறிந்து அளவோடு உண்ணலையே வற்புறுத்தியது இங்கு நினைவுக்கு வருகின்றது. அத்தீவினரிடம் 'மோவாய்' என்னும் கூட்டமைப்பும் உண்டு. சிலர் ஒன்றுகூடி, திங்கள்தோறும் சிறுதொகை இட்டு, முறைவைத்துப் பெற்றுக்கொள்வர். நம் ஊர்ச் சீட்டினைப் போன்றது. ஆனால் பணத்தினும் கூட்டமே அவர்க்குப் பெரிது. இளமையில் சேர்ந்த கூட்டத்தோடு கிழப்பருவம் வரை இருப்பாரும் உளர்; ஒருவர் வாராதொழியின் மற்றையோர் அவர் இல்லத்துக்குச் சென்று வினவுவர்.

1945இல் அத்தீவில் பெரும்போர் நிகழ்ந்தது. அதன்பின் 1972 வரை அஃது அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தது. தகரக் குப்பியில் அடைத்த இறைச்சியும், கொழுப்பில் பொரித்த பண்டமும், மாவும் சர்க்கரையும் மலிந்தன. கிழங்குத் தோட்டம் சுருங்கியது. இருப்புப்பாதை இல்லாத தீவாதலின் அண்டைக் கடைக்குச் செல்லவும் மக்கள் மோட்டார் வண்டி ஏறினர். 1985இல் சப்பானின் 47 மாவட்டங்களுள் ஆடவர் வாழ்நாளில் ஒகினாவா முதலிடம் பெற்றிருந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கில் அஃது 26ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்நாட்டார் அவ்வாண்டின் செய்தியை '26 அதிர்ச்சி' என்றே பெயரிட்டு வழங்கினர். போரில் ஊர்ப் பதிவேடுகள் எரிந்துபோனமையால் அத்தீவில் நூறு கடந்தோர் தொகை ஐயத்துக்கு உரியது என்று வாதிடுவோர் உளர்; அது நிற்க. இந்த இறக்கத்தில் ஐயம் இல்லை. தந்தையின் குருதியே மகனிடத்தும் ஓடியது. தீவும் கடலும் மாறவில்லை. மாறியவை உண்கலமும் நடையுமே.

இதனைப் படித்தபோது எனக்கு ஒகினாவா தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை. என் தந்தையார் நாள்தோறும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடந்தே சென்றவர். சோறு மிகுதியாக உண்டவர். எண்பத்து மூன்று வயது வரை நீரிழிவு இன்னதென்று அறியாதவர். யானும் அவ்வளவு சோறே உண்டேன். ஆயின் நாற்பதாம் வயதில் ஒரு வண்டி வாங்கினேன். அரைக்கல் தொலைவிலுள்ள பள்ளிக்கும் அதன்மீதே சென்றேன். நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்தினேன். மாலையில் அதே நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சி கண்டேன். நாற்பத்தெட்டாம் வயதில் மருத்துவர் நீரிழிவு என்றார். "எங்கள் குடியில் யாருக்கும் இது கிடையாதே" என்றேன். அவர் என் செருப்பை நோக்கி, "இது தேய்ந்து எத்தனை நாளாயிற்று, ஐயா?" என்று வினவினார். எனக்கு நாணமாயிற்று. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று இந்நாட்டில் பத்துக் கோடிப் பேர்க்கு இந்நோய் உண்டு எனக் கணக்கிட்டுள்ளது. அவர்தம் பாட்டன்மாருள் பெரும்பாலோர் என் தந்தையாரைப் போல் நடந்தவராகவே இருத்தல் கூடும்.

பாட்டியார் திண்ணைக்குத் திரும்புவோம். ஐவரைப் புதைத்த ஒருத்தி தொண்ணூறு வரை வாழ்ந்தது எவ்வாறு? அவரிடம் குருதிவழி உரம் இருந்திருக்கலாம். இளமையில் நோய்க்குத் தப்பிய நல்லூழும் இருந்தது. ஆயினும் யான் கண்ணால் கண்டது வேறு. அவர்க்கு நாள்தோறும் ஒரு வேலை இருந்தது. கீரை ஆய்வார், புளி கொட்டை எடுப்பார், பள்ளி செல்லும் பெண்களுக்குத் தலை பின்னிவிடுவார். சண்டையிட்ட மருமகள்மார் இருபுறத்தாரும் அவரிடமே வந்து முறையிடுவர். யாரேனும் ஒருவர் அவர் அருகில் இல்லாத நாழிகையை யான் கண்டதில்லை. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938 முதல் ஒரே குழுவினரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். ஐம்பது வயதில் தம் சுற்றத்தோடு நிறைவாகப் பழகியோரே எண்பதில் நலமுற்றிருந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிபுகளுள் ஒன்று. நரையின்மைக்கு ஊர்ச் சான்றோரைக் காரணம் காட்டிய ஆந்தையார் வெறும் நயத்துக்காக அதனைக் கூறவில்லை என்று யான் கொள்வது இதனாலேயே.

1995ஆம் ஆண்டு மார்கழி தொடங்குமுன், நாடெங்கும் ஒரே நாளில் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து ஊட்டினர். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஊட்டினர். இரண்டு வயது நிரம்பிய என் மகளைத் தூக்கிச் சென்றேன். பாட்டியார் கோல் ஊன்றிக்கொண்டு தாமும் உடன் வந்தார். வரிசையில் நின்ற தாய்மாரையும், பனிக்கட்டிப் பெட்டியையும், குழந்தையின் வாயில் விழுந்த இரு துளியையும் உற்று நோக்கினார்.

"ஏனப்பா, இது வாந்திபேதிக்கா?" என்றார்.

"இல்லை அப்பாயி, இளம்பிள்ளை வாதத்துக்கு."

"வாந்திபேதிக்கும் ஒன்று உண்டா?"

உண்டு என்றேன். 1971இல் வங்காளத்துப் போரின்போது எல்லையோர ஏதிலியர் முகாம்களில் அந்நோய் பரவியதையும், ஊசிவழிச் செலுத்தும் மருந்துநீர் தீர்ந்துபோகவே திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்ததையும், நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியதையும் எடுத்துரைத்தேன். குடல் சர்க்கரையை ஈர்க்கும்போது உப்பையும் நீரையும் உடன் ஈர்த்துக்கொள்ளும் என்றும், காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் சிறு கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போதும் என்றும் கூறினேன்.

பாட்டியார் நடப்பதை நிறுத்தினார்.

"உப்பும் சர்க்கரையுமா?"

"ஆம், அப்பாயி."

"சின்னவன் தண்ணீர், தண்ணீர் என்று இரவெல்லாம் கேட்டான். பேதி காணும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை."

அறுபது ஆண்டுக்கு முற்பட்ட அச்செய்தியை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். பின்னர்க் கோலை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தாமே வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, வீடு வரும் வரையில் ஒன்றும் பேசாது நடந்தார்.