மண் எடுப்பதில்தான் சூட்சுமம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் நவரை நெல் அறுவடை முடிந்து, சொர்ணவாரிக்கு உழும் முன் கிடைக்கும் இடைவெளி மண் பரிசோதனைக்கு ஏற்ற காலம். உரம் போட்டவுடன் எடுக்கும் மண் பொய்க்கணக்குக் காட்டும்.

முடிவு தவறுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, வயலில்தான். வரப்போரம், எருக்குழி, மரநிழல், வாய்க்கால் பக்கம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் வளைந்து வளைந்து நடந்து மண் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் தாளையும் சருகையும் விலக்கி, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, குழியின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டுவது முறை. ஆழம் நெல், வேர்க்கடலைக்கு 15 செ.மீ.; கரும்புக்கு 22 செ.மீ.; மேய்ச்சல் புல்லுக்கு 5 செ.மீ. போதும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்தால் அரை கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட்டு, சர்வே எண், அடுத்த பயிர் விவரத்துடன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். உரச்சாக்கில் கட்டினால் பரிசோதனையே வீண்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் கார அமிலநிலை, உப்பு, அங்ககக் கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் என 12 விவரங்கள் இருக்கும். நெல் வயலில் துத்தநாகம் குறைவென்றால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவின்போது தூவலாம். சூப்பர் பாஸ்பேட்டுடன் கலக்கக் கூடாது.

கம்பு நேப்பியர் தீவனப்புல் போட்டவர்கள் அட்டையில் சாம்பல் சத்து வரியைத் தவறாமல் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு அறுப்பிலும் அந்தச் சத்து வயலைவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுகிறது; சாணம் திரும்பி வராத வயலில் யூரியா மட்டும் போட்டால் ஈடாகாது.