துறப்பணமும் துளைப்பொறியும்

தச்சர் கயிற்றைச் சுற்றி இழுத்து மரத்தைத் துளைக்கும் கருவிக்குத் துறப்பணம் என்று பெயர். அதன் பணியை இரும்பில் செய்வது, டிரில்லிங் மிஷின் எனப் பட்டறைகளில் வழங்கும் துளைப்பொறி. பாலக்கோடு போன்ற வேளாண் ஊர்களில் கலப்பைக்கும் வண்டிச் சட்டத்திற்கும் துளையிட அது வேண்டும். துருவேறிய பழைய பொறியை எடைக்குப் போடுவது எளிது. ஆயினும் அதன் வார்ப்பிரும்பு உடல் பல தலைமுறைகள் உழைக்கவல்லது.

சீரமைப்போர் முதலில் மின்னிணைப்பைத் துண்டிப்பர். கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் தளர்த்துவர். சுழல்தண்டு ஆடினால் தேய்ந்த பேரிங்கை மாற்றுவர். தண்டின் கூம்புத்துளையில் சிறு துகள் ஒட்டியிருப்பினும் சக் நேராகப் பொருந்தாது. துளை அகன்றுவிடும், டிரில் பிட் முறியும்.

பெல்ட்டைக் கப்பியின் படிகளில் மாற்றி வேகத்தை அமைப்பர். மென்னெஃகிற்கு வெட்டுவேகம் நிமிடத்திற்கு 25 மீட்டர் எனக் கொண்டால், 10 மி.மீ. துளைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் போதும், 5 மி.மீ. துளைக்கு அதன் இருமடங்கு வேண்டும். துளை பெரிதானால் சுழற்சி குறைய வேண்டும்.

சக் சாவியை எடுக்காமல் பொறியை இயக்கலாகாது. சுழலும் பிட் கையுறையைப் பற்றி இழுக்குமாதலால், கையுறையுடன் துளையிடுதலும் கூடாது.

செயல்பாடு: உங்கள் ஊர்ப் பட்டறையில் வழங்கும் கருவிப்பெயர்களைத் தொகுத்து எழுதுக.