ஒரு வளைவை வரைந்தால் 11 வளைவுகள்

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குக் கணினியில் வரைபடம் வரையக் கற்றுத் தருகிறேன். கணினி ஆய்வகத்தில் எங்களுக்குக் கிடைப்பது வாரத்தில் சில பாடவேளைகள்தான். தாளின் ஓரக்கோடு, பெயர் எழுதும் கட்டம், வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஆகியவற்றை ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி வரைந்தால், படத்தைப் பற்றி யோசிக்க நேரம் மிஞ்சுவதில்லை. இதற்கு வரைகலை மென்பொருளில் உள்ள வழிதான் 'பிளாக்'. மெனுவைக் காட்டி விளக்குவதைவிட, நம் ஊர்ப் பாலத்தைக் கொண்டு விளக்கும்போது மாணவர்களுக்கு அது எளிதில் பிடிபடுகிறது.

பிளாக் என்றால் என்ன?

செங்கல் அச்சைச் சொல்லித் தொடங்கலாம். ஓர் அச்சிலிருந்து எத்தனை கல் வேண்டுமானாலும் அறுக்கலாம். ஆனால் அச்சைத் திருத்தினால் இனி அறுக்கும் கல்தான் மாறும். ஏற்கெனவே அறுத்த கல் மாறாது. பிளாக்கில் அப்படியில்லை. மூலத்தைத் திருத்திச் சேமித்தால், அந்தக் கோப்பில் அதை வைத்த இடங்களில் எல்லாம் மாற்றம் தெரியும். 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' நிரலிலேயே இந்தக் கருத்து இருந்தது. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரேகேட்டிலும், விலைக்கு வாங்கும் ஆட்டோகேட்டிலும் இருப்பது அதே கருத்துதான்.

சுலோசன முதலியார் பாலம்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கத் தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறக்கப்பட்டது இந்தப் பாலம். நீளம் 760 அடி. 60 அடி அகலமுள்ள வளைவுகள் 11. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "வளைவுகளுக்கு இடையே எத்தனை தூண்கள்?" என்று கேட்பேன். 11 என்றும் 12 என்றும் விடைகள் வரும். படம் போட்டு எண்ணிய பிறகே 10 என்பது தெளியும்.

அடுத்து நீளம். 11 வளைவுகளுக்கு 660 அடி. மீதி 100 அடியை 10 தூண்களுக்குப் பகிர்ந்தால் தூணுக்கு 10 அடி. இது வகுப்பறைக் கணக்கு; அளவெடுத்துக் கண்ட உண்மை அல்ல. இந்த வேறுபாட்டை மாணவர்கள் படத்திலேயே குறிக்க வேண்டும். அது எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வரையும் முறை

1. வரைபட அலகை மில்லிமீட்டராக வைத்து, எல்லாவற்றையும் உண்மை அளவிலேயே வரையச் சொல்லுங்கள். 60 அடி என்பது 18,288 மி.மீ.

2. ஒரு வளைவை மட்டும் வரைந்து பிளாக் ஆக்க வேண்டும். அப்போது மென்பொருள் ஓர் அடிப்படைப் புள்ளியைக் கேட்கும். வளைவின் இடது கால் தொடங்கும் புள்ளியைக் கொடுப்பது நல்லது. ஏதோ ஒரு வெற்றிடத்தைக் கொடுத்தால், பிறகு வளைவைச் சரியான இடத்தில் பொருத்த முடியாமல் திணற நேரும்.

3. தூணைத் தனி பிளாக் ஆக்க வேண்டும். வளைவையும் தூணையும் ஒன்றாகச் சேர்த்தால் 11ஆவது வளைவுக்குப் பின்னும் ஒரு தூண் முளைக்கும். எதை எதனோடு சேர்ப்பது என்று மாணவர் முடிவெடுக்கும் இடம் இதுவே.

4. 70 அடி, அதாவது 21,336 மி.மீ. இடைவெளியில் வளைவை 11 முறையும் தூணை 10 முறையும் வைத்தால் மொத்தம் 2,31,648 மி.மீ. வரும். இது சரியாக 760 அடி. கூடினாலோ குறைந்தாலோ எங்கோ பிழை என்று மாணவரே கண்டுகொள்வார்.

தாளும் ஒரு பிளாக்தான்

ஏ3 தாள் 420 மி.மீ. நீளமும் 297 மி.மீ. உயரமும் கொண்டது. கோப்பில் கோக்க இடப்புறம் 20 மி.மீ., மற்ற பக்கங்களில் 10 மி.மீ. விட்டு ஓரக்கோடு போட்டால், வரைய 390 × 277 மி.மீ. இடம் கிடைக்கும். வலது கீழ் மூலையில் தலைப்புக் கட்டம். அதன் அகலம் 170 மி.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். இவற்றைச் சேர்த்து ஒரு பிளாக் ஆக்குங்கள். தாளின் இடது கீழ் மூலையே அடிப்படைப் புள்ளி.

பாலம் முழுவதையும் 1:1000 அளவுத்திட்டத்தில் அச்சிட வேண்டுமானால், தாள் பிளாக்கை 1000 மடங்கு பெரிதாக்கிப் படத்தைச் சுற்றி வைத்தால் போதும். தாளில் பாலம் சுமார் 232 மி.மீ. நீளத்துக்கு வரும். மீதி இடத்தில் அதே வளைவு பிளாக்கை 5 மடங்காக்கி வைத்தால், அது 1:200இல் சுமார் 91 மி.மீ. அகலத்துக்குத் தெளிவாகத் தெரியும். ஒரே தாளில் இரண்டு அளவுத்திட்டங்கள். வரைந்ததோ ஒரே வளைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிதாக்கிய வளைவில் நேரடியாக அளவு குறித்தால் 18,288க்குப் பதில் 91,440 என்று காட்டும். அந்த எண்ணைத் திருத்தி எழுதாமல் தாளை அச்சிடக் கூடாது.

மாறுவது எது, மாறாதது எது?

ஓரக்கோடும் கட்டங்களும் பள்ளியின் பெயரும் எல்லாத் தாளிலும் ஒன்றே. மாணவர் பெயர், நாள், படத்தின் தலைப்பு, அளவுத்திட்டம் ஆகியவை தாளுக்குத் தாள் மாறும். ஆட்டோகேட்டில், பிளாக்கை வைக்கும்போதே இந்த விவரங்களைக் கேட்டு வாங்கும் வசதி உண்டு. லிப்ரேகேட்டில், மாறும் எழுத்துகளைப் பிளாக்குக்கு வெளியே தனி லேயரில் வைப்பது எளிது.

எங்கள் தலைப்புக் கட்டத்தில் 'அளவெடுத்தது / கணக்கிட்டது / மதிப்பிட்டது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். தூணின் 10 அடி கணக்கிட்டது. நிழற்படத்தைப் பார்த்து வரைந்த வளைவின் உயரம் மதிப்பிட்டது. கணினியில் வரைந்த கோடு நேர்த்தியாக இருப்பதால், அதன் அளவும் உண்மையென்று பார்ப்பவர் நம்பிவிடுவார். நாளை ஒரு கட்டுமான அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் மாணவரின் படத்தை நம்பித்தான் கொத்தனார் சுவர் எழுப்புவார். பிளாக்கில் ஓர் அளவு தவறினால், அது 11 இடங்களில் தவறும். ஆகவே ஒவ்வொரு பிளாக்கையும் வேறொரு மாணவர் அளந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வகுப்பின் பொதுக் கோப்புறையில் சேர்க்கிறோம். அங்கே ஒவ்வொரு பிளாக்கும் தனிக் கோப்பாக, புரியும் பெயருடன் இருக்கும். 'புதியது2' போன்ற பெயர்களுக்கு இடமில்லை.

கணினி இல்லாத வகுப்புகளுக்கு

தொடக்க வகுப்புகளில் அட்டையில் ஒரு வளைவை வெட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் அதை வைத்துக் கோடிழுத்துப் பாலம் வரையட்டும், தூண்களை எண்ணட்டும்.

சமூக அறிவியல் வகுப்பில் தாமிரபரணியை ஒரு கோடாக வரைந்து, அணைக்கட்டுக்கு ஒரே குறியீட்டை எட்டு முறை இடலாம்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். குறியீடு மாறாதது, பெயர் மாறுவது. பிளாக்கின் பாடம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

மதிப்பிடும்போது படத்தின் அழகை மட்டும் பார்க்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் எதைப் பிளாக் ஆக்கினாய்? எதை வெளியே விட்டாய்? ஏன்? விடை சொல்லத் தெரிந்த மாணவர், நாளை எந்த மென்பொருள் வந்தாலும் சமாளித்துக்கொள்வார். உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலும் பள்ளிச் சுற்றுச்சுவரிலும் ஒரே வடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதிலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.