வரிக்குதிரை சுமக்கும் டேட்டா

ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த சர்வர் வரை அறுபடாத பாதை இருக்க வேண்டும். இடையில் உள்ள ஒரு ரூட்டருக்கு அடுத்த வழி தெரியாவிட்டால் டேட்டா பாக்கெட்டை அது விட்டுவிடும். அத்தகைய பாதையே இல்லாத இடங்களில் என்ன செய்வது? அதற்காக உருவானதுதான் தாமதம் தாங்கும் நெட்வொர்க்.

நெட் இணைப்பு இல்லாத இரு கம்ப்யூட்டர்களுக்கு இடையே பென் டிரைவில் பைல் கொண்டு போகிறீர்கள் அல்லவா? அதே வேலைதான். சேமித்து வை, சுமந்து செல், ஆளைக் கண்டதும் கொடு.

கென்யாவில் ஒரு சோதனை

2004 ஜனவரியில் கென்யாவில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் வரிக்குதிரைகளின் கழுத்தில் மின்னணுப் பட்டைகளை மாட்டினர். திட்டத்தின் பெயர் ஸீப்ராநெட். பட்டையில் ஜி.பி.எஸ்., பிளாஷ் மெமரி, ரேடியோ, சோலார் செல்களால் சார்ஜ் ஆகும் பேட்டரி ஆகியவை இருந்தன. 8 நிமிடத்திற்கு ஒருமுறை விலங்கின் இருப்பிடம் பதிவாகும். 2 மணி நேரத்திற்கு ஒருமுறை ரேடியோ இயங்கும். அருகில் வேறு பட்டை இருந்தால் பதிவுகள் கைமாறும். ஆராய்ச்சியாளரின் வண்டி ஒரு வரிக்குதிரையை நெருங்கினாலே, அது சந்தித்த மற்றவற்றின் பதிவுகளும் கிடைக்கும்.

யாரிடம் கொடுப்பது?

இதைத் தீர்மானிப்பதே ரூட்டிங். முக்கிய முறைகள் மூன்று:

1. எல்லோருக்கும் கொடுப்பது: 2000-இல் வெளியான எபிடெமிக் ரூட்டிங் இவ்வகை. டேட்டா போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். ஆனால் மெமரி சீக்கிரம் நிரம்பும், பேட்டரியும் தீரும்.

2. எண்ணிக் கொடுப்பது: 2005-இல் வந்த ஸ்ப்ரே அண்ட் வெயிட். 8 பிரதிக்கு உரிமை உள்ள கருவி, முதலில் சந்திக்கும் கருவிக்குப் பாதியை, அதாவது 4-ஐக் கொடுக்கும். அடுத்து 2, பிறகு 1. ஒரே பிரதி மிஞ்சியதும், சேர வேண்டிய கருவியை நேரில் சந்திக்கும்வரை காத்திருக்கும்.

3. வரலாறு பார்த்துக் கொடுப்பது: அண்மையில் வண்டியின் அருகே சென்று வந்த பட்டையிடம் மட்டும் கொடுப்பது. மின்சாரம் மிச்சமாகும். ஆனால் மந்தையோ வண்டியோ வேறு திசையில் போய்விட்டால் பழைய வரலாறு உதவாது.

மெமரி நிரம்பினால்?

ஸீப்ராநெட் வடிவமைப்பில், இடம் போதாதபோது பட்டை தன் சொந்தப் பதிவைக் காப்பாற்றிக்கொண்டு பிறர் பதிவை முதலில் அழிக்கும். பிறர் பதிவுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கலாம். தன் புதிய பதிவு தன்னிடம் மட்டுமே இருக்கும்.

தீ எச்சரிக்கை போன்ற அவசரச் செய்திகளுக்கு இம்முறை பொருந்தாது. நாளைக்குக் கிடைத்தாலும் பயன்படும் தகவலுக்கு, குறைந்த பேட்டரியில் இதைவிடச் சிக்கனமான வழி காண்பது கடினம்.